ஆறு மாதக் கோர்ஸா, ஜிஎன்எம்மா, பிஎஸ்சியா? முதியோரைப் பார்க்கும் வேலைக்கு எந்த வழி?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு மன்னார்குடி, பட்டுக்கோட்டை, கும்பகோணம் என்று எந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினாலும் நர்சிங் நோட்டீஸ்தான். ஆறு மாதத்தில் ஹோம் நர்ஸ், ஓராண்டில் நர்சிங் அசிஸ்டெண்ட் டிப்ளமோ, மூன்றாண்டு ஜிஎன்எம் (ஜெனரல் நர்சிங், மிட்வைஃபரி டிப்ளமோ), நான்காண்டு பிஎஸ்சி நர்சிங், எல்லாம் ஒரே சுவரில், ஒரே அளவு எழுத்தில். எது என்ன வித்தியாசம் என்று தெரியாமல் எங்கள் முதியோர் இல்லத்துக்கே வந்து விசாரிக்கிற அப்பா அம்மாக்கள் உண்டு. அவர்கள் பெரும்பாலும் கேட்பது இதுதான்: "வயசானவங்களப் பாத்துக்குற வேலைதானே சிஸ்டர், அதுக்கு எதுக்கு மூணு வருஷம் நாலு வருஷம்? ஆறு மாசக் கோர்ஸ் போதாதா?"

போதாது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணத்தைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன். பதினெட்டு வயதுப் பிள்ளை, பிளஸ் டூ முடித்திருக்கிறது, முதியோரைக் கவனிக்கும் வேலையில் மனம் இருக்கிறது என்றால் ஜிஎன்எம் அல்லது பிஎஸ்சி, இரண்டில் ஒன்றைத்தான் படிக்க வேண்டும். நர்ஸ்களைப் பதிவு செய்கிற மாநில நர்ஸ் கவுன்சிலில் பதிவு எண் வாங்க வேண்டும். ஒரு நல்ல ஆஸ்பத்திரி வார்டில் இரண்டு வருடமாவது நிற்க வேண்டும். அப்புறம்தான் முதியோர் இல்லம், வீட்டு நர்சிங், வெளிநாடு எல்லாம். நான் ஜிஎன்எம் படித்தவள். தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மெடிக்கல் வார்டிலும் ஐசியூவிலும் இருந்துவிட்டு இப்போது கும்பகோணம் பக்கம் முதியோர் இல்லத்தில் ஸ்டாஃப் நர்ஸ். ஐசியூவில் எனக்குத் தேவைப்பட்ட அறிவைவிட இங்கே கூடுதலாகவே தேவைப்படுகிறது, இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

ஏன் என்று கேட்டால், ஐசியூவில் மானிட்டர் இருக்கிறது, கூப்பிட்ட குரலுக்கு டியூட்டி டாக்டர் இருக்கிறார். இங்கே ராத்திரி இரண்டு மணிக்கு நான் மட்டும்தான். நேற்று வரை தெளிவாகப் பேசிக்கொண்டிருந்த ஓர் அம்மாயி திடீரென்று செத்துப்போன தம்பியைக் கூப்பிடுகிறார், புடவையை இழுத்துக்கொள்கிறார், ஆள் தெரியவில்லை. பார்க்கிறவர்கள் "வயசாயிடுச்சு, புத்தி தடுமாறுது" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் வயதானவர்களுக்கு யூரின் இன்ஃபெக்‌ஷன் வந்தால் சில நேரம் காய்ச்சலே இருக்காது, எரிச்சல் என்றும் சொல்ல மாட்டார்கள், முதலில் தெரிவது இந்தத் தடுமாற்றம்தான். அல்லது சுகர் இறங்கியிருக்கும், காலையில் இன்சுலின் போட்டிருப்பார்கள், இட்லி பாதியிலேயே போதும் என்றிருப்பார். அல்லது உப்புச் சத்து குறைந்திருக்கும், இல்லை புதிதாக ஆரம்பித்த தூக்க மாத்திரை வேலையாக இருக்கும். இதில் எது என்று யோசிக்க, முதலில் விரலில் குத்தி சுகர் பார்க்க, உடனே 108-ஐக் கூப்பிடுவதா விடியும் வரை பொறுக்கலாமா என்று முடிவெடுக்கப் படிப்பு வேண்டும்.

இன்னொன்று. பாத்ரூமில் வழுக்கி விழுந்து தலையில் இடித்துக்கொண்ட தாத்தா, எழுந்து உட்கார்ந்து "ஒண்ணுமில்லம்மா" என்று சிரிக்கிறார். அவர் இதயத்துக்காக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அந்தச் சிரிப்பை நம்பக் கூடாது, மண்டைக்குள் மெதுவாகக் கசிவு இருக்கலாம், ஸ்கேன் பார்க்கத்தான் வேண்டும். மாத்திரைச் சீட்டைப் படித்தால் புரிகிற ஆள் பக்கத்தில் இருந்தால் அவர் பிழைப்பார். மூக்கு வழி டியூபில் கஞ்சி கொடுக்கும்போது தலைப்பக்கத்தை 30 டிகிரிக்கு மேல் உயர்த்தி, கொடுத்த பிறகும் அரை மணி நேரமாவது அப்படியே வைத்திருக்க வேண்டும் என்பது சின்ன விஷயம்போலத் தெரியும். அது தவறினால் கஞ்சி நுரையீரலுக்குப் போய் நிமோனியா வரலாம்.

படுக்கைப்புண்ணைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பது என்று எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். முதுகுக்குக் கீழே, இடுப்பு எலும்பு, குதிகால், இங்கெல்லாம் தோல் சிவந்து, அழுத்தினாலும் நிறம் மாறாமல் நிற்கிறதே அந்தக் கட்டத்தில் பிடித்துவிட்டால் புண்ணாகாமல் தடுக்கலாம், தோல் கிழிந்த பிறகு மாதக்கணக்கில் இழுக்கும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்துவிட்டுப் போனபோது வேதாரண்யம், பட்டுக்கோட்டை பக்கமெல்லாம் பல நாள் கரண்ட் இல்லை. படுக்கையில் கிடக்கிறவர்களுக்குப் போடுகிற ஏர் பெட் கரண்டில் ஓடுவது. கரண்ட் போனால் அது வெறும் பிளாஸ்டிக் ஷீட். அப்படிப்பட்ட நாளில் கையால் திருப்பிப் போடத் தெரிந்த ஆள் இருக்கிற வீடும் இல்லாத வீடும் ஒன்றல்ல. டெல்டாவில் இந்த வேலைக்கு வருகிறவர்கள் புயல் மழைக் காலத்தையும் மனதில் வைத்துத்தான் வர வேண்டும்.

சரி, இப்போது படிப்புகளைப் பார்ப்போம்.

ஆறு மாதம், ஓராண்டு என்கிற சின்னக் கோர்ஸ்களில் இரண்டு வகை இருக்கிறது. அரசின் திறன் பயிற்சித் திட்டங்களில் நடக்கிற ஜெனரல் டியூட்டி அசிஸ்டெண்ட், ஹோம் ஹெல்த் எய்ட் போன்றவை ஒரு வகை. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, சக்கர நாற்காலிக்கு மாற்றுவது, டயாப்பர் மாற்றுவது எல்லாம் முறையாகச் சொல்லித்தருவார்கள். முப்பது முப்பத்தைந்து வயதில், பத்தாவது வரை படித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு உடனே சம்பாதிக்க வேண்டிய ஒரு பெண்ணுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது, தயங்காமல் சேரலாம். எங்கள் இல்லத்தில் அப்படி வந்த அக்காக்கள்தான் முதுகெலும்பு. அவர்கள் கை பட்டால் முரண்டு பிடிக்கிற பாட்டியும் சாப்பிடுவார். அவர்களைக் குறைத்துப் பேசுகிற நர்ஸை எனக்குப் பிடிக்காது. ஆனால் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு இது ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், இதற்கு மேல் ஏறப் படி இல்லை. ஊசி போட, டியூப் மாற்ற உரிமை கிடையாது. பத்து வருடம் கழித்து ஜிஎன்எம் சேரலாம் என்றால் இந்த அனுபவத்துக்காக ஒரு மாதம்கூடக் குறைக்க மாட்டார்கள், முதல் வருடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இரண்டாவது வகை, தனியார் நடத்துகிற ஓராண்டு "நர்சிங் டிப்ளமோ". நான் பார்த்தவரை பிள்ளைகளின் வாழ்க்கையில் அதிகம் விளையாடுவது இதுதான். பணம் ஜிஎன்எம்முக்குக் கட்டுகிற அளவுக்கு நெருக்கி வாங்குவார்கள், தொப்பியும் உடுப்பும் கொடுப்பார்கள், கடைசியில் கையில் வருவது கவுன்சில் ஏற்காத ஒரு காகிதம். தமிழ்நாடு நர்ஸ்கள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சில் 1926-ஆம் வருடச் சட்டத்தின் கீழ் வந்தது. அங்கே பதிவு ஆகாதவர் சட்டப்படி நர்ஸ் கிடையாது. சேரும் முன் ஒரே கேள்வி கேளுங்கள்: "படிச்சு முடிச்சா கவுன்சில்ல ரிஜிஸ்டர் பண்ண முடியுமா?" பதில் சுற்றி வளைத்து வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஏஎன்எம் என்கிற துணை நர்ஸ், மருத்துவச்சி படிப்பு இரண்டு வருடம். அது கர்ப்பிணிகள், குழந்தைகள், தடுப்பூசி என்று கிராம சுகாதார செவிலியர் வேலைக்கான பாதை, நல்ல பாதைதான், முதியோரைப் பார்க்க வேண்டும் என்று வருகிறவர்களுக்கு உரியது அல்ல. அவ்வளவுதான் அதைப் பற்றி.

மிச்சம் இருப்பது ஜிஎன்எம்மும் பிஎஸ்சியும். இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி பிஎஸ்சிக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்து 45 சதவீதம் வேண்டும், 17 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஜிஎன்எம்முக்கு 40 சதவீதம் போதும், அகில இந்திய விதியில் மற்ற குரூப் படித்தவர்களுக்கும் இடம் உண்டு, ஆனால் அரசு நர்சிங் பள்ளியில் சேர விரும்பினால் அந்த வருட விளம்பரக் குறிப்பில் என்ன குரூப் கேட்கிறார்கள் என்று பார்த்துவிட்டே விண்ணப்பியுங்கள். அரசு இடம் கிடைத்தால் எது கிடைத்தாலும் அதுவே முதல் சாய்ஸ், இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. அரசு நர்சிங் பள்ளிப் பிள்ளைகள் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி வார்டிலேயே வளர்கிறார்கள். ஒரு நாளில் அவர்கள் பார்க்கிற நோயாளிகளை, சின்ன ஆஸ்பத்திரியோடு ஒட்டிக்கொண்டிருக்கிற தனியார் கல்லூரிப் பிள்ளை ஒரு மாதத்தில் பார்ப்பது கஷ்டம். அரசுப் பள்ளியில் ஆறாவது முதல் பிளஸ் டூ வரை படித்த பெண் பிள்ளை என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் படிப்பு முடியும் வரை வரும், பையன்களுக்கு 2024-லிருந்து தமிழ்ப் புதல்வன் இருக்கிறது. பையன்களும் இந்தப் படிப்புக்கு வர வேண்டும் என்று நான் எல்லா வீட்டிலும் சொல்வேன். தூக்கி மாற்றும் பலத்துக்காக மட்டும் சொல்லவில்லை. தன்னைக் குளிப்பாட்ட ஒரு பெண் பிள்ளை வருகிறாளே என்று கூனிக் குறுகிப்போகிற ஐயாக்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு ஒரு ஆண் நர்ஸ் கிடைப்பது பெரிய மரியாதை.

அரசு இடம் கிடைக்காமல் தனியார்தான் என்றால் கணக்கு மாறுகிறது. இங்கே என் கருத்து, கடன் வாங்காமல் கட்ட முடிகிற வீடு என்றால் பிஎஸ்சி, நிலத்தையோ நகையையோ அடகு வைக்க வேண்டிய வீடு என்றால் ஜிஎன்எம். ஜிஎன்எம் முடித்து வேலைக்குப் போய்க்கொண்டே பணம் சேர்த்து, பிறகு இரண்டு வருட போஸ்ட் பேசிக் பிஎஸ்சி படித்தால் பட்டமும் கைக்கு வரும். கூட்டிப் பார்த்தால் ஒரு வருடம் அதிகம், ஆனால் அப்பாவின் தலையில் கடன் இல்லை. பிஎஸ்சிக்கு இருக்கிற உண்மையான லாபம் இரண்டு. ஒன்று, இப்போதைய பாடத்திட்டத்தில் வயது வந்தோர் நர்சிங் பகுதியில் முதியோர் நர்சிங்கையும் சேர்த்தே சொல்லித்தருகிறார்கள். இரண்டு, எம்எஸ்சி படித்து ஆசிரியர் வேலைக்குப் போகவும் சில வெளிநாடுகளுக்கும் பட்டம் கை கொடுக்கும். வார்டு வேலையில் முதல் ஐந்து வருடம் ஜிஎன்எம், பிஎஸ்சி என்று யாரும் பார்க்க மாட்டார்கள், கையைத்தான் பார்ப்பார்கள்.

தனியார் கல்லூரியில் சேரும் முன் பாண்ட் இருக்கிறதா, முடித்த பிறகு அவர்கள் ஆஸ்பத்திரியிலேயே இத்தனை வருடம் வேலை பார்க்க வேண்டும் என்கிறார்களா, அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்வார்களா என்று எழுத்தில் கேளுங்கள். சான்றிதழ் அடுத்தவர் பீரோவில் இருந்தால் சம்பளம் பேசுகிற வாய் நமக்குக் கிடையாது.

படித்து முடித்த பிறகு எங்கே வேலை? இதையும் இப்போதே யோசிக்க வேண்டும்.

அரசு வேலை என்றால் 2012-ல் வந்த மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், எல்லோரும் எம்ஆர்பி என்பது அதைத்தான். நேராக நிரந்தரம் இல்லை, தொகுப்பூதியத்தில் எடுத்துப் பிறகுதான் காலமுறை ஊதியம். 2015-ல் மாதம் 7,700 ரூபாய்க்குச் சேர்ந்தவர்கள், இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்ற பேச்சு நிறைவேறாமல் 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவத் துறை இயக்குநரகம் இருக்கிற டிஎம்எஸ் வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். பிறகு தொகுப்பூதியம் 14,000, 18,000 என்று ஏறியது. காத்திருக்கத் தெம்பு இருந்தால் இதைவிடப் பாதுகாப்பான வேலை கிடையாது. முதியோர் மேல் அக்கறை உள்ளவர்களுக்கு அரசுப் பக்கம் இன்னொரு வாசலும் இருக்கிறது: 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம். சுகர், பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பதோடு, படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்க்க வலி நிவாரண நர்ஸும் பிசியோதெரபி செய்பவரும் வீடு வீடாகப் போகிறார்கள். பஸ் போகாத ஊருக்குள்ளும் போய்ப் புண்ணுக்குக் கட்டுப் போட்டுவிட்டு வருகிற அந்த நர்ஸ் செய்வதுதான் என் மனதில் உண்மையான நர்சிங்.

தனியார் ஆஸ்பத்திரி, படிக்கும் இடம் என்று நினைத்துப் போங்கள். உச்ச நீதிமன்றம் 2016-ல் சொன்னதன் பேரில் அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான ஆஸ்பத்திரியிலும் நர்ஸுக்கு 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசு நர்ஸுக்குச் சமமாகக் கொடுக்க வேண்டும் என்று பரிந்துரை செய்தது. அது பரிந்துரையாகவே நிற்கிறது. நம் பக்கத்துச் சின்ன ஊர்களில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அதில் பாதியைச் சொல்கிற இடங்கள் இன்னும் இருக்கின்றன. கோபம் வருகிற விஷயம்தான். ஆனாலும் அந்த இரண்டு வருடத்தைத் தாண்டிக் குதிக்காதீர்கள், மேலே சொன்ன ராத்திரி இரண்டு மணி முடிவுகளை எடுக்கும் தைரியம் எனக்கு அங்கேதான் வந்தது.

முதியோர் இல்லம் என்று எடுத்தால் டெல்டாவில் தேவை கூடிக்கொண்டேதான் போகும். 2021-க்கான மக்கள்தொகைக் கணிப்பின்படி தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 13.6 சதவீதம், பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்தபடி நாம்தான் முன்னால் இருக்கிறோம். அதிலும் நம் ஊர்களில் பிள்ளைகள் சிங்கப்பூரிலும் துபாயிலும் சென்னையிலும். பெரிய வீட்டில் இரண்டு பேர் மட்டும், ஒருவர் போனால் ஒருவர் மட்டும். பணம் அனுப்ப ஆள் இருக்கிறது, பக்கத்தில் இருக்க ஆள் இல்லை. இல்லத்தில் சம்பளம் பெரிய ஆஸ்பத்திரியைவிடக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், தங்க இடமும் சாப்பாடும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். சேரும் முன் நான்கு விஷயம் கேட்டுவிடுங்கள்: ராத்திரி ஒரு நர்ஸுக்கு எத்தனை பேர், டாக்டர் வாரம் எத்தனை முறை வருகிறார், மாத்திரை எடுத்துக் கொடுப்பது யார், பிஎஃப் உண்டா. இதற்கு நேராகப் பதில் சொல்கிற இல்லம் நல்ல இல்லம்.

வீட்டு நர்சிங்கில் சம்பளம் கூடுதலாகத் தோன்றும், ஏஜென்சி கமிஷன் போக மிச்சம் என்ன என்று பாருங்கள். இருபத்து நான்கு மணி நேரமும் அடுத்தவர் வீட்டில் இருப்பது, தூங்க இடம் எது, வாரத்தில் ஒரு நாள் விடுப்பு உண்டா, சமையலும் துணி துவைப்பதும் தலையில் விழுமா, எல்லாம் முதல் நாளே பேச வேண்டியவை. புதிதாகப் படித்து வந்த சின்னப் பெண்ணைத் தனியாக இப்படி அனுப்புவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. சில வருட அனுபவமும் எதிர்த்துப் பேசும் தெம்பும் வந்த பிறகு போகலாம்.

வெளிநாடு. ஜெர்மனியில் முன்பு முதியோர் பராமரிப்பு தனிப் படிப்பாக இருந்தது. 2020-லிருந்து ஆஸ்பத்திரி நர்சிங், குழந்தை நர்சிங், முதியோர் நர்சிங் மூன்றையும் ஒரே மூன்று வருடப் பயிற்சியாக்கிவிட்டார்கள். முதியோரைப் பார்க்க அங்கே மூன்று வருடம் வேண்டும் என்கிறார்கள், நாம் ஆறு மாதம் போதுமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். ஜெர்மன் மொழியில் பி2 என்கிற தேர்வு நிலை வரை ஏற வேண்டும், அது விளையாட்டில்லை. ஜப்பானில் கைகோ என்கிற பராமரிப்பு வேலைக்கு நர்சிங் பட்டம் கட்டாயமில்லை, மொழித் தேர்வும் திறன் தேர்வும் உண்டு. ஆனால் அது நர்ஸ் வேலை இல்லை, பராமரிப்பாளர் வேலை, தெரிந்து போக வேண்டும். இங்கிலாந்து 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து புதிதாகப் பராமரிப்பாளர்களை எடுப்பதை நிறுத்திவிட்டது. இன்னமும் அந்த விசா வாங்கித் தருகிறேன் என்று யாராவது லட்சக்கணக்கில் கேட்டால் கதவைச் சாத்துங்கள். பதிவு பெற்ற நர்ஸாகப் போவது வேறு, அதற்கு ஆங்கிலத் தேர்வும் அவர்கள் கவுன்சில் தேர்வும் உண்டு, அந்த வழி திறந்தே இருக்கிறது. வளைகுடா நாடுகளுக்குப் பொதுவாக இரண்டு வருட அனுபவம் கேட்கிறார்கள். சவுதி, குவைத் மாதிரி நாடுகளுக்கு நர்ஸ்களை எடுக்கிற பொறுப்பை மத்திய அரசு 2015-ல் அரசு நிறுவனங்களிடம் கொடுத்தது. தமிழ்நாட்டில் அது சென்னையில் இருக்கிற அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். பதிவு பெற்ற ஏஜென்ட் யாரானாலும் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம், அதற்கு மேல் கேட்பவர் சட்டத்தை மீறுகிறார்.

கவனித்துப் பாருங்கள், இந்த வாசல்களில் பெரும்பாலானவை பதிவு எண் உள்ளவருக்கு மட்டும் திறக்கிறவை. அது இல்லாதவருக்கு முதியோர் இல்லத்தில் உதவியாளர் வேலையும், வீட்டில் போய்ப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்புகிற ஏஜென்சியும், ஜப்பானும்தான் மிச்சம். அதனால்தான் முதல் முடிவு இவ்வளவு முக்கியம் என்கிறேன்.

கடைசியாக, எந்தக் கல்லூரிக்கும் பணம் கட்டும் முன் பிள்ளையைப் பக்கத்தில் இருக்கிற ஒரு முதியோர் இல்லத்துக்குச் சில நாள் அனுப்புங்கள். முன்கூட்டிக் கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள், நாங்கள் சம்மதிக்கிறோம். பிறந்தநாள் சாப்பாடு போடுகிற நாளாக இல்லாமல் சாதாரண நாளாகப் போகட்டும், காலையில் குளிப்பாட்டும் நேரத்திலும் மத்தியானம் ஊட்டும் நேரத்திலும் கூடவே நிற்கட்டும், மலம் துடைப்பதையும் புண்ணுக்கு மருந்து வைப்பதையும் பார்க்கட்டும், ஒரே கதையை நாலாவது முறை சொல்கிற தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும். முதல் நாள் எல்லோருக்கும் குமட்டும், அதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். மூன்றாவது நாளும் அவளாகவே கிளம்பினால் தயங்காமல் ஜிஎன்எம்முக்கும் பிஎஸ்சிக்கும் இரண்டுக்குமே விண்ணப்பம் போடுங்கள். வேண்டாம் என்றால் கட்டாயப்படுத்தாதீர்கள், லேப் டெக்னீஷியன், பார்மசி என்று நல்ல படிப்புகள் அதே மதிப்பெண்ணுக்கு இருக்கின்றன.